கிடார் ஆம்புக்கு மாற்று ஸ்பீக்கர்: எதைப் பார்த்து வாங்குவது?

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமத்தின் ஆலயப் பாடகர் குழுவிடம், மின்கிடாரின் ஒலியைக் கண்ணாடிக்குழாய் வால்வுகளால் பெருக்கும் 15 வாட் வால்வு ஆம்ப் ஒன்று இருக்கிறது. வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் பெட்டியோடு கொண்டுவந்து ஆலயத்துக்குக் கொடுத்தது அது. அதில் இருப்பது ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். கிறிஸ்துமஸ் கேரல் தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன் அந்த ஸ்பீக்கரின் காகிதக் கூம்பான கோன் கிழிந்து கரகரக்கத் தொடங்கியபோது, பையன்கள் அதை ஒரு கடையில் கொடுத்து, அதே 12 அங்குலம், அதே 8 ஓம், ஆனால் 150 வாட் தாங்கும் மைக்செட் ஸ்பீக்கர் ஒன்றைப் போட்டு வாங்கி வந்தார்கள். எண்கள் எல்லாம் பொருந்தின. சத்தமும் வந்தது. ஆனால் நான் பார்க்கப் போனபோது கிடார் வாசிக்கும் பையன், "அண்ணே, போர்வைக்குள்ள வச்சு வாசிச்ச மாதிரி இருக்கு" என்றான். அவன் சொன்னது மிகச் சரியாக இருந்தது.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. மைக்செட் உலகத்தில் அது நல்ல ஸ்பீக்கர்தான். பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. மைக்செட் ஸ்பீக்கரின் வேலை, தனக்குள் வருகிற ஒலியைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளது உள்ளபடி வெளியே விடுவது. கிடார் ஸ்பீக்கரின் வேலை அதுவன்று. சாதாரண மரக்கிடாரில் தந்தியின் அதிர்வை வாங்கிக் குரலாக்குவது அதன் மேற்பலகையும் வயிறும். மின்கிடாருக்கு அப்படி ஒரு வயிறு கிடையாது. அதன் வயிறு ஆம்புக்குள்ளேயும் ஸ்பீக்கருக்குள்ளேயும் இருக்கிறது. ஆகவே கிடார் ஸ்பீக்கர் என்பது பாதி வாத்தியம். தவிலுக்குப் புதுத் தோல் கட்டியவர் தவில் பழைய குரலிலேயே பேசும் என்று எதிர்பார்க்க மாட்டார். ஸ்பீக்கர் மாற்றுகிறவரும் அதே மனநிலையில் இறங்குவது நல்லது.

இதை எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மின்கிடாரின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் எழும் அடிப்படைச் சுருதி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ். மெல்லிய தந்தியின் 22ஆவது கட்டையில் (ஃபிரெட்டில்) அது 1,175 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். அதற்கு மேல் இருப்பவையெல்லாம் அந்தச் சுரங்களின் மேலொலிகள். கிடார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 75 ஹெர்ட்ஸ் அருகே தொடங்கி, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் வேண்டுமென்றே கொஞ்சம் எழும்பி, 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் செங்குத்தாகச் சரிந்துவிடும்படி செய்யப்பட்டவை. அந்த எழுச்சிதான் கிடாருக்குக் கூட்டத்திலும் கேட்கிற முகத்தைக் கொடுக்கிறது. அந்தச் சரிவுதான், ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் போடும்போது எழும் கொசுக்கூட்டம் போன்ற இரைச்சலை வடிகட்டிவிடுகிறது. அடியொலிக்கென்று செய்த, கனமான கோன் கொண்ட மைக்செட் வூஃபரில் அந்த எழுச்சி இல்லை, அதனால் கிடார் போர்வைக்குள் போனது. அதுவே உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கராகிய ட்வீட்டரும் சேர்ந்த முழு அலைவரிசை ஸ்பீக்கராக இருந்திருந்தால் சரிவு இல்லாமல் போய், டிஸ்டார்ஷன் முழுவதும் தகரத்தை உரசுவதுபோல் ஒலித்திருக்கும்.

கெட்டது ஸ்பீக்கர்தானா?

புது ஸ்பீக்கருக்குப் பணம் எண்ணுவதற்கு முன் பழையது உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆம்பை அணைத்து, மின்செருகியைக் கழற்றி, ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் பிரித்த பிறகு, ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். ஒயரைப் பிரிக்காமல் அளந்தால், வால்வு ஆம்பில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுருளையும் சேர்த்தே மீட்டர் அளந்து, பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டிக் குழப்பும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 வரை காட்டும். 16 ஓம் ஸ்பீக்கர் 11 முதல் 13 வரையும், 4 ஓம் ஸ்பீக்கர் 3க்குச் சற்று மேலும் காட்டும். எழுதியிருக்கும் எண்ணைவிட மீட்டர் குறைவாகக் காட்டுவது பழுது அன்று. மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்கான தடையை. ஸ்பீக்கரில் எழுதியிருப்பதோ ஒலி ஓடும்போது அது காட்டும் எதிர்ப்பை. மீட்டர் எதையுமே காட்டவில்லை என்றால்தான் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயில் அறுந்திருக்கிறது, அல்லது காயிலிலிருந்து முனைக்கு வரும் பின்னல் கம்பி விட்டிருக்கிறது என்று பொருள். கம்பி மட்டும் விட்டிருந்தால் நல்ல கைத்திறன் உள்ளவர் ஒருவர் ஈயம் வைத்து உயிர்ப்பித்துவிடுவார்.

அடுத்தது விரல் சோதனை. கோனின் நடுமூடிக்கு இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்து, மிக மெதுவாக உள்ளே அழுத்தி விட வேண்டும். சத்தமே இல்லாமல் போய் வந்தால் நல்லது. மணல் உரசுவதுபோல் கேட்டால், காந்தத்தின் இடுக்கில் காயில் தட்டுகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரையோரம் இந்த நோய் அதிகம். அந்த இடுக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அகலம்தான் இருக்கும். அதன் இருபுறமும் இரும்பு. முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் ஜன்னல் கம்பியையே தின்கிற உப்புக்காற்று அந்த இரும்பை மட்டும் விட்டுவைக்குமா? ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற ஊர் நம்முடையது. ஆண்டில் பாதி நாள் காகிதக் கோன் ஈரத்தைக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ரீகோனிங் செய்யலாமே என்று கேட்பீர்கள். மைக்செட் ஸ்பீக்கருக்குத் தயங்காமல் செய்யலாம். காயில் சுற்றிப் புதுக்கோன் ஒட்டுவதில் கைதேர்ந்தவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள். கிடார் ஸ்பீக்கருக்கு வரும் சிக்கல் அவர்களுடைய திறமையைச் சார்ந்ததல்ல. அதே நிறுவனத்தின் அதே கோன் கிடைத்தால் மட்டுமே பழைய குரல் திரும்பும். கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு 12 அங்குலக் கோனை ஒட்டினால், காந்தமும் சட்டமும் பழையவையாக இருந்தாலும், கிடைப்பது வேறொரு ஸ்பீக்கர்தான். காகிதத்தின் தடிப்பும் கோனின் எடையும் விளிம்பு மடிப்பின் விறைப்பும் சேர்ந்துதான் மேலே சொன்ன எழுச்சியையும் சரிவையும் தீர்மானிக்கின்றன.

ஓம்: இதில் மட்டும் விளையாடக் கூடாது

மாற்று ஸ்பீக்கர் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது ஓம். இசை ரசனைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆம்ப் உயிரோடு இருப்பதற்கும் இதற்கும்தான் தொடர்பு. ஆம்பின் பின்புறம், ஸ்பீக்கர் செருகும் இடத்துக்கு அருகில், 4, 8, 16 என்று ஏதாவது எழுதியிருக்கும். அந்த எண் என்ன சொல்கிறது என்பது ஆம்ப் வால்வா டிரான்சிஸ்டரா என்பதைப் பொறுத்து மாறும். தொடக்கநிலையில் உள்ளவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

டிரான்சிஸ்டர் ஆம்பில் எழுதியிருப்பது கீழ்வரம்பு. குறைந்தது 4 ஓம் என்று இருந்தால், 4 ஓம் ஸ்பீக்கரும் போடலாம், 8 ஓம் ஸ்பீக்கரும் போடலாம். 8 போட்டால் ஆம்பின் திறன் ஏறத்தாழப் பாதியாகும், ஆனால் காதுக்கு அந்த வித்தியாசம் பயப்படும் அளவுக்கு இருக்காது. 2 ஓம் மட்டும் போடக் கூடாது. ஆம்ப் தன்னால் இயலாத அளவு மின்னோட்டத்தைக் கொடுக்க முயன்று சூடேறிக் கருகும். தண்ணீர்க் குழாயின் வாயை அகலமாக வெட்டிவிட்டால் மோட்டார் திணறுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம், உவமை முற்றிலும் பொருந்தாவிட்டாலும்.

வால்வு ஆம்பில் எழுதியிருப்பது வரம்பன்று, பொருத்தம். 8 என்ற துளையில் 8 ஓம் ஸ்பீக்கரைத்தான் செருக வேண்டும். வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அந்த எண்ணை நம்பித்தான் சுற்றப்பட்டிருக்கிறது. ஒரு படி மாறினால் உடனே வெடித்துவிடும் என்று சொல்ல மாட்டேன், சில ஆம்புகள் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பொறுமையை நம்பி வாசிப்பது வேண்டாத வேலை. ஸ்பீக்கரே இல்லாமல் வால்வு ஆம்பைப் போட்டு வாசிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். போவதற்கு வழியில்லாத ஆற்றல் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே உயர் மின்னழுத்தமாக எழும்பி, சுருளின் காப்பைத் துளைத்துவிடும். ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சேர்த்துச் செலவழிக்க நேர்வது இப்படித்தான்.

இரண்டு அல்லது நான்கு ஸ்பீக்கர் உள்ள கேபினட் என்றால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால் 16 ஓம். நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை என்று பக்க இணைப்பாக இணைத்தால் 4 ஓம். நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரு சோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால், மொத்தம் மறுபடியும் 16 ஓமே வரும். நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளில் இந்த முறை பரவலாக இருப்பதற்குக் காரணம் இந்த வசதிதான். ஆகவே பெட்டியின் மேல் 16 என்று எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே இருப்பவை 16 ஓம் ஸ்பீக்கர்கள் என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டு ஸ்பீக்கர் பெட்டியென்றால் உள்ளே இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் தொடரில் இருக்கலாம். பின்பலகையைக் கழற்றி, காந்தத்தின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிடுவது நல்லது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஆம்புக்கும் தனிப் பெட்டிக்கும் நடுவில் கிடார் ஒயரைச் செருகாதீர்கள். செருகி ஒன்றுபோலத் தெரிந்தாலும் கிடார் ஒயருக்குள் ஓடுவது நூல்போன்ற கம்பி. ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்துக்குத் தடித்த இரட்டைக் கம்பி வேண்டும்.

வாட் தாங்குவது, டெசிபல் பேசுவது

கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் ஒரே கேள்வி "எத்தனை வாட்?" என்பது. ஸ்பீக்கரின் மேல் எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு சத்தம் போடும் என்பதைச் சொல்வதில்லை. எவ்வளவு வரை எரியாமல் தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. 150 வாட் ஸ்பீக்கரை 15 வாட் ஆம்பில் போட்டால் பத்து மடங்கு சத்தம் வராது. அந்தக் கடலோர ஆலயத்தில் பழைய ஸ்பீக்கரைவிடச் சத்தம் குறைந்தே போயிருந்தது.

சத்தத்தைச் சொல்லும் எண் வேறு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் என்று நிறுவனங்கள் அச்சிடுகின்றன; உணர்திறன் என்று அதைச் சொல்லலாம். கிடார் ஸ்பீக்கர்களில் இது பெரும்பாலும் 95க்கும் 102க்கும் இடையில் இருக்கும். பார்க்கச் சின்ன இடைவெளி போலத் தெரிகிறது, ஆனால் டெசிபல் கணக்கில் 3 கூடினால் ஆம்பின் திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 97 டெசிபல் ஸ்பீக்கரோடு 50 வாட் ஆம்ப் போடும் சத்தத்தை, 100 டெசிபல் ஸ்பீக்கரோடு 25 வாட் ஆம்ப் போட்டுவிடும். பெரிய ஆம்ப் வாங்கப் பணம் சேர்ப்பவர் ஒருமுறை இந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சேர்க்கலாம். இதன் மறுபக்கமும் உண்டு: வீட்டு மாடியில் வாசிப்பவர், வால்வு ஆம்பை நன்றாகத் திறந்து அதன் இயல்பான கரகரப்பைக் கேட்க விரும்பினால், உணர்திறன் குறைந்த ஸ்பீக்கரே அவருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் நல்லது.

தாங்கும் வாட்டுக்கு ஒரு நடைமுறை வழி இருக்கிறது. வால்வு ஆம்பில் எழுதியிருக்கும் வாட், ஒலி சிதையாமல் அது கொடுக்கும் அளவு; முழுக்கத் திருகி டிஸ்டார்ஷனில் தள்ளினால் அதைவிட மிக அதிகமாகக் கொடுக்கும். ஆகையால் ஒற்றை ஸ்பீக்கர் ஆம்பில், ஆம்பின் வாட்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தாங்கும் ஸ்பீக்கரைப் போடுவது நிம்மதி. பழைய காலத்தில் எல்லோரும் இந்த நிம்மதியோடு இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. வாக்ஸ் நிறுவனத்தின் ஏசி30 ஆம்ப் 30 வாட். அதற்குள் இருந்த செலஸ்டியன் புளூ ஸ்பீக்கர்கள் இரண்டும் தலா 15 வாட், கூட்டினால் சரியாக 30. பல ஸ்பீக்கர்கள் உள்ள பெட்டியில், எல்லாம் ஒரே ஓம் என்றால் ஆம்பின் திறன் சமமாகப் பிரியும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். 100 வாட் ஆம்பும் நான்கு ஸ்பீக்கர் பெட்டியும் என்றால் ஒவ்வொன்றின் பங்கு 25.

குரல் எங்கிருந்து வருகிறது

இனி ரசனைக்கு வருவோம். இணையத்தில் மணிக்கணக்கில் சண்டை நடப்பது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். சண்டையின் முதல் தலைப்பு காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை சேர்ந்த அல்னிகோ காந்தம் பழைய ஸ்பீக்கர்களில் இருந்தது. ஓங்கி மீட்டும்போது ஒலி முட்டி நிற்காமல் மெத்தென்று அமுங்குவதாக வாசிப்பவர்கள் சொல்வார்கள். கோபால்ட் விலை அதிகம் என்பதால் இன்றும் இந்த ஸ்பீக்கர்கள் விலையேறியவை. செராமிக் காந்தம் மலிவு. அடி தெளிவாக, இறுக்கமாக விழும். நியோடிமியம் காந்தத்தின் பெருமை எடை. குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டத்துக்குப் பைக்கின் பின்னால் ஆம்பைக் கட்டிக்கொண்டு போகிறவருக்கு இரண்டு கிலோ குறைவது எந்த ஒலி வேறுபாட்டையும்விடப் பெரிய செய்தி. என் அனுபவத்தில், குரலைத் தீர்மானிப்பதில் காந்தத்தைவிடக் கோனுக்கே பங்கு அதிகம். ஆனால் காந்தத்தைப் பற்றிப் பேசுவது எளிது, கோனைப் பற்றிப் பேசக் காகிதத்தின் எடையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதனால்தான் விளம்பரங்களில் காந்தம் முன்னால் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது தலைப்பு நாடு. பிரிட்டிஷ் குரல், அமெரிக்கக் குரல் என்று ஒரு பிரிவினை வழக்கத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் என்றால் 1924இல் தொடங்கிய செலஸ்டியன் நிறுவனத்தின் வழி வந்தவை: நடுப்பகுதி முன்னால் நின்று, டிஸ்டார்ஷனில் உறுமும். 1960களில் மார்ஷல் பெட்டிகளில் இடம்பிடித்த கிரீன்பேக் 25 வாட் மட்டுமே தாங்கும், உணர்திறன் 98 டெசிபல்; அது சற்று மென்மையாகவும் சொரசொரப்பாகவும் பேசும். 1986இல் வந்த வின்டேஜ் 30 என்ற ஸ்பீக்கரின் பெயரைப் பார்த்து அது 30 வாட் என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. அது தாங்குவது 60 வாட், உணர்திறன் 100 டெசிபல், மேல்-நடுப்பகுதியில் ஓங்கிய குரல். அமெரிக்கக் குரல் என்றால் பழைய ஃபெண்டர் ஆம்புகளில் இருந்த ஜென்சன் ஸ்பீக்கர்கள் நினைவுக்கு வர வேண்டும்: மணிபோன்ற மேற்பகுதி, சிதறாத தெளிவு. ஜென்சன் பெயரிடும் முறையில் ஒரு வசதி இருக்கிறது. பி12ஆர் போலப் பி என்று தொடங்கினால் அல்னிகோ, சி12என் போலச் சி என்று தொடங்கினால் செராமிக், நடுவில் இருப்பது அங்குலம். கென்டக்கியில் இருக்கும் எமினன்ஸ் நிறுவனமோ இரண்டு குரல்களிலும் ஸ்பீக்கர்கள் செய்கிறது. நாட்டின் பெயரை வைத்தே எல்லாவற்றையும் தீர்மானித்துவிட முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தப் பெயர்களைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: உங்கள் ஆம்பின் இப்போதைய ஒலியில் எது அதிகம், எது குறைவு? காதைக் குத்துகிற ஆம்புக்கு மேற்பகுதி ஓங்கிய ஸ்பீக்கரைப் போட்டால் குத்தல் இரட்டிப்பாகும். மந்தமான ஆம்புக்குக் கிரீன்பேக் வகையைப் போட்டால் மந்தம் கூடும். ஆனால் இப்படி முடிவெடுக்குமுன் ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி, உங்கள் காதைப் பார்த்துச் சாய்த்து வைத்து ஒருமுறை கேளுங்கள். 12 அங்குல ஸ்பீக்கரின் மேற்பகுதி ஒலி டார்ச் வெளிச்சம்போல நேராகப் போகும். ஆலய மேடையில் ஆம்ப் கணுக்கால் உயரத்தில் இருக்க, அதன் பக்கத்தில் நின்று வாசிப்பவருக்கு மந்தமாகவும், எதிரே முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்குக் காதைத் துளைப்பதாகவும் கேட்கும். புது ஸ்பீக்கர் வேண்டும் என்று என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்தான் தேவைப்பட்டது.

பெட்டியும் குரலில் பங்கு கேட்கும். பின்புறம் திறந்த பெட்டியில் ஒலி பின்னாலும் போய் அறை முழுக்கப் பரவும், அடியொலி சற்றுக் கரையும். மூடிய பெட்டியில் அடி இறுகி முன்னால் வரும். ஒரே பெட்டியில் இரு வேறு ஸ்பீக்கர்களைக் கலந்து போடுவது நல்ல வழக்கம்தான், ஓம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆனால் ஒன்று 97, மற்றது 101 டெசிபல் என்றால் இரண்டாவதுதான் பேசும், முதலாவது தலையாட்டிக்கொண்டு நிற்கும்.

சிறிய பயிற்சி ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். ஆறரை அல்லது 8 அங்குல ஸ்பீக்கர் உள்ள 10 வாட் ஆம்புக்குப் பெயர்பெற்ற நிறுவனத்தின் ஸ்பீக்கரைத் தேடிப் போனால், அதன் விலை ஆம்பின் விலையை நெருங்கிவிடும். அந்தச் சின்னப் பெட்டிக்குள் பெரிய மாற்றம் எதுவும் நடக்காது. காசைச் சேர்த்து வையுங்கள்.

பொருத்தும்போது

12 அங்குலம் என்று இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தாலும் அவை ஒரே துளையில் உட்காரும் என்று உறுதியில்லை. திருகுத் துளைகள் நான்கா எட்டா, ஸ்பீக்கர் பலகையின் முன்னாலிருந்து பொருத்தப்பட்டிருக்கிறதா பின்னாலிருந்தா, புதிய காந்தத்தின் ஆழத்துக்குப் பெட்டியில் இடம் இருக்கிறதா என்ற மூன்றையும் அளவுநாடாவை வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும்போது, பெரிய காந்தம் மேலே தொங்கும் வால்விலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ இடித்துக்கொள்ளும். வாங்கி வந்த பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வால்வு ஆம்பின் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில், மின்செருகியைக் கழற்றிய பிறகும் ஆளைத் தூக்கியெறியும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஸ்பீக்கரை மட்டும் மாற்றுகிறவர் ஆம்பின் உலோகத் தட்டைத் திறக்கவே தேவையில்லை. கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் இருந்தால் போதும்.

அந்த ஆலயத்து ஆம்புக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது ஜென்சன் சி12என்: 8 ஓம், 50 வாட், செராமிக். பாமாலைகளுக்கும் கேரலுக்கும் சிதறாத தெளிந்த ஒலிதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது, உறுமல் வேண்டியிருக்கவில்லை. பழையதைக் கழற்றும்போது, கடைசித் திருகை அவிழ்ப்பதற்குள் ஒரு கையால் காந்தத்தைத் தாங்கிக்கொள்ளும்படி பையனிடம் சொன்னேன். புதியதைப் பொருத்தும்போது மறு கை கோனை மறைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். காந்தம் திருப்புளியைத் தன் பக்கம் இழுக்கும். கை வழுக்கினால் திருப்புளி நேராகக் கோனுக்குள் இறங்கும். முதன்முதலில் நான் மாற்றிய ஸ்பீக்கரின் காகிதத்தில், பிரித்து ஐந்து நிமிடம்கூட ஆகுமுன், இப்படித்தான் ஒரு துளை போட்டேன். திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். ஒரே பக்கமாக இறுக்கினால் சட்டம் வளைந்து, காயில் இடுக்கில் உரசத் தொடங்கும்.

ஒயரை மாட்டுவதற்கு முன் ஒரு டார்ச் பேட்டரியை எடுத்து, அதன் நேர்முனையை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் எதிர்முனையை மற்றதிலும் நொடிப்பொழுது தொட்டுக் காட்டினேன். கோன் டக்கென்று வெளியே துள்ளியது, முனைகள் சரி. உள்ளே போயிருந்தால் முனைகள் மாறியிருக்கின்றன என்று பொருள். ஒற்றை ஸ்பீக்கரில் அது பெரிய குற்றமில்லை. இரண்டு ஸ்பீக்கர் பெட்டியில் ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் துள்ளினால் அடியொலி ஒன்றையொன்று தின்றுவிடும். புது ஸ்பீக்கர் முதல் சில மணி நேரம் கொஞ்சம் விறைப்பாகப் பேசும், விளிம்பு இளகியபின் அடியொலி திறக்கும் என்பதால், வந்த அன்றே ஒலி பிடிக்கவில்லை என்று கழற்றிவிட வேண்டாம் எனச் சொல்லிவிட்டு, பயன்படுத்தாத நாள்களில் பெட்டியைத் தடித்த துணியால் மூடி, கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னேன்.

கழற்றிய 150 வாட் மைக்செட் ஸ்பீக்கர் வீணாகவில்லை. குழுவில் தச்சுவேலை தெரிந்த ஒருவர் அதற்கு ஒரு பெட்டி அடித்தார். மேலே ஒரு ட்வீட்டரையும் சேர்த்துக் கீபோர்டுக்கு வைத்திருக்கிறார்கள். வருகிற ஒலியை உள்ளபடி விடுகிற வேலை அதற்கு இப்போது கிடைத்திருக்கிறது.